சிவப்புப் போத்தலும் நீலப் போத்தலும்



கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலைக்கும் வேலைக்கும் ஸ்கூட்டியில் போய் வருகிற சகோதரிகள் கடைசி வரைக்கும் வாசியுங்கள். ஆண்களும் வாசிக்கலாம். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்த விசயம்தானே என்று நினைப்பீர்கள். நானும் ஒரு விஞ்ஞான ஆசிரியை. எனக்கும் எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் இருந்து நான் படிப்பிக்கிற பாடசாலைக்கு 14 கிலோமீற்றர். முதல் 9 கிலோமீற்றர் நல்ல காபட் ரோட்டு. மிச்சம் 5 கிலோமீற்றரும் வயலுக்கு நடுவால் போகிற கிரவல் ரோட்டு. அறுவடைக் காலத்தில் நெல்லு லொறிகள் ஓடி ஓடி அந்த ரோட்டில் அலை அலையாக மேடு விழுந்திருக்கும். அதில் போனால் ஸ்கூட்டி மட்டுமல்ல, பல்லும் சேர்ந்து ஆடும். மாப்பிள்ளை கட்டாரில். எட்டு வயது மகனையும் என்னுடைய பாடசாலையிலேயே சேர்த்திருப்பதால், போகும்போதும் வரும்போதும் அவன் என் பின்னால்தான் இருப்பான்.

போன வருடம் ஒரு புதன்கிழமை. பாடசாலை விட்டு வந்துகொண்டிருந்தோம். இரண்டு நாளாகவே முன்சில்லுப் பக்கம் 'டக் டக்' என்று ஒரு சத்தம். கிரவல் ரோட்டுதானே, சத்தம் வரத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். கிரவல் முடிந்து காபட்டில் ஏறுகிற இடத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தது. முன் பிரேக்கைப் பிடித்தேன். 'கடக்' என்று பெரிய சத்தம். பிரேக் லீவர் கையோடு ஒரு மாதிரி இழுபட்டது. பின் பிரேக்கில்தான் வண்டியை நிறுத்தினேன். நல்ல காலம், திரும்புகிற இடம் என்பதால் மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தேன்.

இறங்கிப் பார்த்தேன். முன்சில்லில் பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கிற கலிப்பர் என்ற சாமானை இரண்டே இரண்டு போல்ட்தான் தாங்குகிறது. அதில் ஒன்று இல்லை. ஓட்டை மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்றது பாதிக்கு வெளியே வந்து நின்றது. அதுவும் விழுந்து, கலிப்பர் சில்லுக்குள் போய் மாட்டியிருந்தால்?

மகன் கேட்டான், "உம்மா, ஏன் நிண்ட நாம?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் சொன்னேன்.

உம்மாவுக்கு விசயம் தெரிந்ததும் வழமையான வசனம் வந்தது. "என்னகா புள்ள, நான் எத்தின தரம் செல்லிட்டன். பஸ்ஸில போ. பொம்புளப்புள்ளைக்கு என்னத்துக்கு இந்த வேல?" பஸ் 7.40க்குத்தான் அந்தச் சந்திக்கே வரும், அங்கிருந்து 5 கிலோமீற்றர் நடக்க வேண்டும் என்பது உம்மாவுக்கும் தெரியும். பயத்தில் சொல்கிறார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதனால்தான் அடுத்த பிழையையும் செய்தேன்.

அதைச் சொல்வதற்கு முன், போல்ட் ஏன் கழன்றது என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான் ஓரிடத்தில் பிரேக் பேட் மாற்றியிருந்தேன். கலிப்பரைக் கழற்றித்தான் அதை மாற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது போல்ட்டை வெறுமனே இறுக்கிவிட்டார்கள் போலும். கம்பனியில் இருந்து வரும்போது அந்தப் போல்ட்டின் புரியில், கராஜில் திரெட் என்று சொல்வோமே அதில், காய்ந்த பசை மாதிரி ஒன்று ஒட்டியிருந்திருக்கிறது. அது ஊத்தை என்று யாரோ துடைத்துவிட்டிருக்க வேண்டும். அந்த ஊத்தைதான் போல்ட்டைப் பிடித்து வைத்திருந்தது.

போல்ட்டை இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் நீளுகிறது. இழுத்துப் பிடித்த ரப்பர் பட்டி போலத் திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுவைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்து அமத்தி வைக்கிறது. அந்த நிலையில் போல்ட் தானாகச் சுற்றி வராமல் தடுப்பது உராய்வு. ஆனால் இரண்டு பாகமும் பக்கவாட்டில் திரும்பத் திரும்ப அசையும்போது புரிகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும். வழுக்குகிற அந்தக் கணத்தில் பிடிக்கிற உராய்வு இல்லாமல் போய், போல்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குச் சுற்றும். கெர்ஹார்ட் யுங்கர் என்ற பொறியியலாளர் 1969 இல் இதைப் பரிசோதனை செய்து காட்டினார். பக்கவாட்டு அதிர்வு போதுமான அளவுக்கு இருந்தால், நன்றாக இறுக்கிய போல்ட்டும் முழுதாகவே கழன்று வரும். ஸ்பிரிங் வொஷர் போட்டால் போதும் என்று நாங்கள் நம்புகிறோமே, அந்தப் பரிசோதனையில் அது பெரிதாக உதவுவதில்லை.

எங்கள் கிரவல் ரோட்டு ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை எனக்கு அந்தப் பரிசோதனையைச் செய்து காட்டிக்கொண்டிருந்தது. படிப்பிக்கிற நான்தான் கவனிக்கவில்லை.

சரி, என் பிழைக்கு வருகிறேன். புதுப் போல்ட் இரண்டு வாங்க ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக் காக்காவிடம், "இது கழராம இரிக்க ஒரு பசை இரிக்காமே, அதும் ஒண்டு தாங்க" என்றேன்.

"லொக்டைட்டா டீச்சர்? எது வேணும்?"

"எது ஆக ஸ்ட்ரோங்கோ அதத் தாங்க."

அவர் சிவப்புத் திரவம் உள்ள ஒரு சின்னப் போத்தலை எடுத்துத் தந்தார். அவரில் பிழையில்லை. கேட்டதைத்தான் தந்தார். நீலமும் வைத்திருந்தார். "இதுவும் இரிக்கி, இது கொஞ்சம் லேசு" என்றும் சொன்னார். லேசானது எனக்கு எதற்கு? பிள்ளையின் உயிர் அல்லவா?

அன்று அஸருக்குப் பிறகு முற்றத்தில் ஸ்கூட்டியை வைத்துக்கொண்டு நானே பூட்டினேன். கலிப்பர் போல்ட் இரண்டுக்கும் சிவப்பை ஊற்றினேன். துளி அல்ல, ஊற்றினேன். கை வந்த பிறகு நிற்குமா? கண்ணாடி பூட்டுகிற நட்டுக்கும் போட்டேன். நம்பர் பிளேட் ஸ்க்ரூவுக்கும் போட்டேன். பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியைப் பிடிக்கிற சின்ன ஸ்க்ரூ நான்குக்கும் போட்டேன். கட்டாருக்கு வீடியோ கோல் எடுத்து, "மச்சான், இனி ஒண்டும் கழராது" என்று பெருமையாகக் காட்டினேன். அவரும் மாஷா அல்லாஹ் என்றார்.

உண்மையிலேயே ஒன்றும் கழரவில்லை. பிரச்சினையே அதுதான்.

முதலில் உடைந்தது பிளாஸ்டிக் மூடி. கொஞ்ச நாளில் ஸ்க்ரூ இருந்த நான்கு இடத்தில் மூன்றில் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. இந்தத் திரவம் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையில் போடுவது. சில வகைப் பிளாஸ்டிக்கில் பட்டால் அதைத் தாக்கி வெடிக்க வைக்கும். போத்தலின் லேபலில் சின்ன எழுத்தில் இதெல்லாம் எழுதித்தான் இருந்தது. 'வினாத்தாளை முழுதாக வாசித்த பிறகு விடை எழுதுங்கள்' என்று பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தவணையும் சொல்கிற வாய் இது.

நான்கு மாதத்தில் பிரேக் பேட் திரும்பத் தேய்ந்தது. இந்தத் தடவை வேறொரு கராஜுக்குப் போனேன். பாடசாலை அலுவலாக வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்த நாள், காலை பதினொரு மணி இருக்கும். கராஜ் காக்கா எலன் கீயைப் போட்டுத் திருப்பினார். அசையவில்லை. குழாய் ஒன்றைப் பிடிக்கு மாட்டித் திருப்பினார். போல்ட்டின் தலைக்குள் இருக்கிற ஆறு மூலையும் தேய்ந்து வட்டமாகிவிட்டது. என்னைப் பார்த்து, "என்னத்தப் போட்ட நீங்க இதுக்கு?" என்றார்.

நான் சொன்னேன். அவர் உள்ளுக்குப் பார்த்து, "மனே, இஞ்ச வா" என்று கூப்பிட்டார்.

கறுத்த ஒயில் படிந்த சேர்ட்டோடு வந்தவன் என்னுடைய தரம் 10 மாணவன்.

ஒரு விசயம் சொல்லிவிடுகிறேன். அவனிடமும் அவனுடைய உம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் போடவில்லை. யாரும் கொமென்ட்டில் ஊகிக்க வேண்டாம்.

அந்தத் தவணையில் அவன் 31 நாள் வரவில்லை என்பது எனக்குத் தெரியும், இடாப்பில் புள்ளடி போடுவது நான்தானே. 'அவனிலே எங்களுக்கு நேரம் வீண், கடிதம் அனுப்பிவிட்டு விடுவோம்' என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டபோது நானும் தலையாட்டியவள்தான். இந்த நேரத்தில் அவன் என்னைக் கண்டதும், கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பில் எழும்பி நிற்பது போல நேராக நின்றான்.

"டீச்சர்."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவன் குனிந்து போல்ட்டைப் பார்த்தான். புரி வெளியே தெரிகிற இடத்தை நகத்தால் சுரண்டினான்.

"டீச்சர், சிவப்பா போட்ட?"

"ஓம்."

"இது திரும்பக் கழட்டாத இடத்துக்குப் போடுறது டீச்சர். பிரேக் கழட்டுற சாமான் தானே."

இவ்வளவுதான் சொன்னான். நான் அன்று வரை யோசிக்காதது இந்த ஒரு வசனம். எது பலமானது என்றுதான் நான் கேட்டேன். இதைத் திரும்பக் கழற்ற வேண்டி வருமா, யார் கழற்றுவார், எதை வைத்துக் கழற்றுவார் என்று கேட்கவே இல்லை.

சிவப்பு என்று பொதுவாகச் சொல்கிற கூடிய பலமுள்ள வகையை விடுவிக்க, அந்த இடம் ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வரை சூடாக வேண்டும். சூடு ஆறுவதற்கு முன் கழற்றவும் வேண்டும். ஆனால் கலிப்பருக்குள் பிரேக் ஒயிலும் ரப்பர் சீலும் இருக்கின்றன. காஸ் விளக்கை நேரே பிடிக்க முடியாது. அந்தப் பிள்ளை ஈரத்துணியால் பிரேக் குழாயைச் சுற்றிக் கட்டினான். பெரிய சோல்டரிங் அயனைச் சூடாக்கிப் போல்ட்டின் தலையில் மட்டும் வைத்துக்கொண்டு இருந்தான், பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். முதலாவது போல்ட் அப்படியே வந்தது. மூலை தேய்ந்ததற்கு, கொஞ்சம் பெரிய டொர்க்ஸ் பிட் ஒன்றைச் சுத்தியலால் தலைக்குள் அடித்து இறக்கி, திரும்பச் சூடாக்கி, மெதுவாகத் திருப்பினான். 'கிறீச்' என்று கத்திக்கொண்டு வந்தது. எல்லாமாக மூன்று மணித்தியாலம். சூடு பட்டபடியால் பிரேக் ஒயிலையும் மாற்றினார்கள்.

இடையில் ஒருமுறை கராஜ் காக்கா உள்ளே போன நேரம் கேட்டேன், "மகன், ஏன் பள்ளிக்கூடம் வாறதில்ல?"

அவன் போல்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வாப்பா மேசன் வேலை. சாரத்தில் இருந்து விழுந்து முதுகு அடிபட்டு எட்டு மாதம். இது மாமாவின் கராஜ். நாட்சம்பளம் உம்மாவின் கைக்குப் போகிறது. "மத்தியானத்துக்குப் பொறகு மட்டும் வந்தாக் காணாது டீச்சர்" என்றான்.

எட்டு மாதம். நான் அவனுடைய வகுப்பாசிரியை. என்னிடம் 31 என்ற எண் மட்டும் இருந்தது.

புதுப் போல்ட்டுக்கு அவன் நீலம் போட்டுப் பூட்டினான். எப்படிப் போடுகிறான் என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓட்டைக்குள் இருந்த பழைய பசையைச் சின்னக் கம்பிப் பிரஷால் எடுத்தான். பிரேக் கிளீனர் அடித்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துக் காய விட்டான். போல்ட்டின் புரியில், உள்ளே போய்ப் பிடிக்கிற இடத்தில் மட்டும், இரண்டு துளி. பிறகு டோர்க் ரென்ச்சால் 'டிக்' என்று சத்தம் வரும் வரை ஒரே தடவையில் இறுக்கினான். "இனித் தொடக்கூடாது டீச்சர். காஞ்ச பொறகு திருப்பினா உள்ளுக்கு உடைஞ்சிடும், திரும்ப முதல்ல இருந்து போடணும்."

வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. இது முழுக்க நான் படிப்பிக்கிற பாடம்.

இந்தத் திரவம் காற்றுப் பட்டால் காய்வதில்லை, காற்று இல்லாவிட்டால்தான் காய்கிறது. போத்தலுக்குள் இருப்பது ஒருபகுதியங்கள். அவை ஒன்றோடொன்று சேர்ந்து பல்பகுதியமாகாமல் தடுத்துக்கொண்டிருப்பது ஒட்சிசன். அதனால்தான் இந்தப் போத்தலை முழுதாக நிரப்புவதில்லை. பாதிக்குக் காற்றுதான் இருக்கும். காற்று ஊடுபோகிற பிளாஸ்டிக்கில்தான் போத்தலும் செய்வார்கள். நான் முதலில் பாதிப் போத்தலைத் தந்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். புரிக்குள் போய் இரண்டு உலோகத்துக்கு இடையில் அடைபட்டதும் ஒட்சிசன் இல்லை. இரும்பு, செம்பு போன்றவற்றின் அயன்கள் தாக்கத்தைத் தூண்டிவிடும். திரவம் கெட்டியாகிப் புரிகளுக்கு இடையில் இருக்கிற சின்னச் சின்ன இடைவெளியை எல்லாம் நிரப்பிவிடும். பிறகு வழுக்குவதற்கு இடமே இல்லை.

இதை 1953 இல் உருவாக்கியவர் வேர்னன் கிரீபிள், அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில் ட்ரினிட்டி கல்லூரியில் இரசாயனவியல் படிப்பித்த பேராசிரியர். அவரும் ஒரு ஆசிரியர்தான். அவர் தொடங்கிய கம்பனியின் பொருளுக்கு வைத்த பெயர்தான் லொக்டைட். இப்போது எந்தக் கம்பனி செய்தாலும் கராஜில் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரையே சொல்கிறார்கள்.

அடுத்த கிழமை தரம் 10க்கு உராய்வுப் பாடம். முதல் நாள் பின்னேரம் அவனுடைய வீட்டுக்குப் போனேன். "நாளைக்கு நீதான் படிப்பிக்கப் போற. கழட்டின அந்த ரெண்டு போல்ட்டையும் கொண்டு வா" என்றேன். வருவான் என்று எனக்கு நிச்சயமில்லை. வந்தான். கழுவித் துடைத்த சேர்ட். பொக்கற்றில் கடதாசியில் சுற்றிய இரண்டு போல்ட், ஒரு நட்டு, நீலப் போத்தல்.

வகுப்பின் முன்னால் நின்று முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தேய்ந்த போல்ட்டைத் தூக்கிக் காட்டி, "இது டீச்சர்ட ஸ்கூட்டிட" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. உராய்வைக் கூட்ட என்ன செய்வது, குறைக்க என்ன செய்வது என்று நான் கரும்பலகையில் எழுதியவற்றுக்கு அவன் கராஜில் இருந்து உதாரணம் சொன்னான். முன்வரிசையில் இருக்கிற கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி கேட்டாள், "அப்ப எல்லாத்துக்கும் சிவப்பே போட்டா என்ன?" அவன் அந்தத் தேய்ந்த போல்ட்டை அவளுடைய கையில் கொடுத்தான்.

சட்டப்படி 16 வயது வரைக்கும் அவன் பாடசாலையில் இருக்க வேண்டியவன். அவனுக்கு 15. கராஜ் காக்காவோடும் பேசினேன். நல்ல மனுசன், தங்கச்சியின் குடும்பம் பட்டினி கிடக்கக்கூடாது என்று செய்ததுதான். பள்ளிவாசல் ஸகாத் நிதியில் இருந்து அந்தக் குடும்பத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தொகை ஒழுங்கானது. இப்போது அவன் காலையில் பாடசாலைக்கு வருகிறான். பின்னேரத்திலும் சனிக்கிழமையிலும் கராஜில் நிற்கிறான் என்பது எனக்குத் தெரியும். அது சரியா என்று கேட்டால், முழுதாகச் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இனி ஒரு நாளும் கராஜ் பக்கம் போகக்கூடாது என்று நான் இறுக்கிப் பிடித்திருந்தால் அவன் பாடசாலையையும் விட்டிருப்பான். ஓ.எல். முடித்துவிட்டு மோட்டார் வாகனப் பாடநெறி ஒன்றில் சேர்ந்து என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்க வேண்டும் என்று இப்போது அவனே சொல்கிறான். இன்ஷா அல்லாஹ்.

இனி உங்களுக்கு உதவுகிற பகுதி. ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊதா: ஆகக் குறைந்த பலம். 6 மில்லிமீற்றரும் அதற்குக் கீழும் உள்ள சின்ன ஸ்க்ரூக்களுக்கு. இவ்வளவு சின்ன ஸ்க்ரூவுக்குச் சிவப்புப் போட்டால், கழற்றும்போது பசை விடுவதற்கு முன் ஸ்க்ரூவே முறிந்துவிடும்.

நீலம்: நடுத்தரம். 6 மில்லிமீற்றருக்கு மேல் உள்ள, என்றைக்காவது கழற்ற வேண்டிய போல்ட்டுகளுக்கு. சாதாரண ஸ்பெனரால் கழற்றலாம். பைக்கிலும் ஸ்கூட்டியிலும் எங்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இதுதான்.

சிவப்பு: கூடிய பலம். இனித் திறக்கவே போவதில்லை என்ற இடத்துக்கு, அல்லது வாகனத்தின் கைநூலில் அப்படிச் சொல்லியிருந்தால் மட்டும். கழற்றச் சூடு வேண்டும்.

பச்சை: ஏற்கெனவே பூட்டி இறுக்கிய போல்ட்டுக்கு வெளியில் இருந்து விட்டால் புரிக்குள் ஊறிப் போகிற மெல்லிய வகை. ஆனால் பெயாரிங் ஒட்டுகிற வேறொரு வகையும் பச்சையாகத்தான் வருகிறது. ஆகவே நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கம்பனிக்குக் கம்பனி மாறலாம். லேபலில் பலம் என்ன, எந்த அளவுப் போல்ட்டுக்கு என்று எழுதியிருப்பதை வாசியுங்கள்.

போடக்கூடாத இடங்கள்: பிளாஸ்டிக்கில் பூட்டுகிற ஸ்க்ரூ. ஸ்பார்க் பிளக். ஒயில் வடிக்கிற போல்ட், அதற்கு வொஷர் இருக்கிறது. கார், த்ரீவீல் சில்லு நட்டு, அதைச் சரியான அளவுக்கு இறுக்கினால் போதும். உள்ளே நைலோன் வளையம் உள்ள நட்டு, ஸ்ப்ளிட் பின் போடுகிற நட்டு, இவை தாமே பூட்டிக்கொள்கிற வகை. சைலன்சர் பக்கம் போட்டும் பயனில்லை. சாதாரண வகைகள் தாங்குவது 150 பாகை செல்சியஸ் அளவுக்குத்தான்.

சுப்பர் குளூ இதற்குப் பதிலல்ல. அது காற்றின் ஈரத்தில் காய்வது, அதிர்ச்சியும் சூடும் பட்டால் வெடித்துப் போகும். குழாய் வேலைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பும் பதிலல்ல. அது தண்ணீர் ஒழுகாமல் இருக்க. போல்ட்டைப் பூட்டாது, வழுக்கத்தான் விடும்.

கறையில் உருக்கு, நாகம் பூசிய போல்ட், அலுமினியம் போன்றவற்றில் மெதுவாகக் காயும். அதற்கென்று முதலில் அடிக்கிற அக்டிவேட்டர் ஒன்று இருக்கிறது. எப்படியும் முழுப் பலம் வர 24 மணித்தியாலம் விடுங்கள். பின்னேரம் போட்டுவிட்டு அடுத்த நாள் பின்னேரம் ஓடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேல், சரியான அளவுக்கு இறுக்காத போல்ட்டை எந்தப் பசையும் காப்பாற்றாது. இறுக்கம் முதல், பசை பிறகு. பிரேக்கில் கை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் என்னைப் போல முற்றத்தில் பரீட்சை பார்க்க வேண்டாம். கராஜுக்கே போங்கள். பூட்டும்போது பக்கத்தில் நின்று, "நீலம் போட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். டீச்சருக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று. என் கலியாணத்துக்கு வாங்கிய கியூடெக்ஸ் போத்தல் ஒன்று அலுமாரியில் கிடந்தது. ஒவ்வொரு தொழுகைக்கும் வுழூ எடுக்கிற எங்களுக்கு அதைப் பூச எங்கே நேரம்? அந்தப் பிள்ளை சொன்ன யோசனையில் இப்போது அதற்கு வேலை வந்துவிட்டது. இறுக்கி முடித்த போல்ட்டின் தலையில் இருந்து பக்கத்து உலோகம் வரைக்கும் குறுக்காக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கியூடெக்ஸ் போல்ட்டைப் பிடித்து வைக்காது, ஆனால் போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஒவ்வொரு நாளும் காலையில் அதைப் பார்ப்பது மகனின் பொறுப்பு. ஹெல்மெட் போட்டுக்கொண்டு முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து பார்ப்பான்.

"உம்மா, கோடு நேரா இரிக்கி."

பிறகு பிரயாண துஆ ஓதிவிட்டுக் கிளம்புவோம்.

அந்தப் பிள்ளையின் வாப்பாவுக்குப் பூரண சுகம் கிடைக்க நீங்களும் ஒரு துஆ செய்துகொள்ளுங்கள்.